பார்த்ததை எழுதச் சொல்லிக்கொடுங்கள்

1999ஆம் ஆண்டு ஜூலை 24. வடக்கு லண்டனில் உள்ள நார்த் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார் ஒரு பெண். சிறுமியின் முகத்திலும் தலையிலும் வெந்நீர் பட்ட காயம். சிரங்கு அரிப்பு தாங்காமல் அவளே வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள் என்று அந்தப் பெண் சொன்னார். சிறுமியின் பெயர் விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். வெளிநாட்டில் நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளை உறவுக்காரப் பெண்ணோடு அனுப்பிவைத்திருந்தார்கள். அந்த உறவுக்காரர்தான் மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர்.

குழந்தைகள் வார்டில் விக்டோரியா ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தாள். குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் செவிலியர்கள் அவள் உடம்பைப் பார்த்தார்கள். வெந்நீர்க் காயத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் பழைய தழும்புகள். பெல்ட்டின் உலோகக் கொக்கி பதிந்தது போன்ற ஒரு தடம். உறவுக்காரப் பெண் வார்டுக்குள் நுழைந்தாலே சிறுமி விறைத்து நின்றாள். ஒரு முறை நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. எஜமானி முன் வேலைக்காரி நிற்பது போல இருந்தது என்று பிற்பாடு விசாரணையில் சாட்சியம் வந்தது. ஆனால் சிறுமி வார்டில் இருந்த நாட்களில், பார்த்தவற்றில் முக்கியமானவை கேஸ் ஷீட்டில் ஏறவே இல்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதி அவளை அதே பெண்ணோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 2000 பிப்ரவரி 25 அன்று விக்டோரியா இறந்தாள். பிரேதப் பரிசோதனையில் 128 காயங்களும் தழும்புகளும் எண்ணப்பட்டன. உறவுக்காரருக்கும் அவரோடு வாழ்ந்த ஆணுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

லார்டு லேமிங் தலைமையிலான விசாரணைக் குழு 2003இல் அறிக்கை தந்தது. சமூக சேவைத் துறை, காவல் துறை, மருத்துவமனை என்று எல்லா அலுவலகங்களையும் சேர்த்து, அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கக் கூடிய தருணங்கள் குறைந்தது 12 என்று அது கணக்கிட்டது. மொத்தம் 108 பரிந்துரைகள். அறிக்கையைப் படிப்பவரை உறுத்துவது ஒன்று உண்டு. வார்டில் இருந்த செவிலியர்கள் ஈரமற்றவர்கள் அல்ல. குழந்தையிடம் பிரியமாக இருந்தார்கள். தழும்பு கண்ணில் பட்டது, சந்தேகமும் வந்தது. அந்தச் சந்தேகத்தை எங்கே எழுதுவது, யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு என்ன நடந்தது என்று யாரைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் அறுந்துபோனது.

மருத்துவமனைக்குள் குழந்தையின் தோலை மிக அருகில், மிக நீண்ட நேரம் பார்ப்பவர் செவிலியர். மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து சில நிமிடங்கள் நிற்பார். எடை பார்ப்பது, ஊசி போடுவது, உடை மாற்றுவது, இரவு அழும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் செவிலியர் வேலை. அம்மா டீ வாங்கப் போன பத்து நிமிடத்தில், “சிஸ்டர், நான் வீட்டுக்குப் போக மாட்டேன்” என்று பிள்ளை சொல்வதும் அவரிடம்தான்.

இந்தியாவில் இந்தச் செவிலியர் மீது சட்டம் ஒரு கடமையை ஏற்றி வைத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. இது பிரிவு 19. தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது பிரிவு 21. நல்ல எண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பும் பிரிவு 19இலேயே இருக்கிறது. தண்டனையைப் பற்றிக் கேள்விப்பட்ட செவிலியர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இந்தப் பாதுகாப்பைப் பற்றி அவர்களில் எத்தனை பேருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

இது காகிதத்தில் மட்டும் உள்ள சட்டம் அல்ல. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடி மாணவியர் விடுதி ஒன்றில் பாலியல் கொடுமை நடந்தது. அந்தப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்க நியமிக்கப்பட்டிருந்த மருத்துவர், விஷயம் தெரிந்தும் தகவல் தரவில்லை என்று வழக்குப் பதிவானது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. தெரிந்தும் தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரங்களில் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியாக ஆகிவிடுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவருக்குச் சொன்னது செவிலியருக்கும் பொருந்தும்.

கடமையை ஏற்றியாயிற்று. கற்றுக்கொடுத்தாயிற்றா?

இந்திய செவிலியர் கவுன்சில் 2021இல் மாற்றியமைத்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், தடயவியல் செவிலியமும் இந்தியச் சட்டங்களும் என்ற பாடம் ஐந்தாம் செமஸ்டரில் சேர்ந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அது ஒரே ஒரு கிரெடிட், 20 மணி நேரம். தடயவியல் என்றால் என்ன, தடயங்களை எப்படிச் சேகரிப்பது, அரசியல் சாசனம், குற்றவியல் சட்டம், கடைசியில் போக்சோ என்று எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். அதுவும் இனி படித்து வெளியே வருபவர்களுக்கு. இன்று வார்டுகளில் நிற்கும் பெரும்பாலான செவிலியர்கள் அதற்கு முன்பே படித்து முடித்தவர்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் செய்தித்தாளில் படித்த ஒன்று.

ஆறு மாதச் சிறை உண்டு என்று சொல்லி, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் இரண்டு கெடுதல் நடக்கும். பயந்தவர் எதையும் பார்க்காதது போல இருந்துவிடுவார். இன்னும் பயந்தவர் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்.

பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியும். அதற்கு அறுபது ஆண்டுக்கும் மேலான மருத்துவ அறிவு சேர்ந்திருக்கிறது. 1946இல் ஜான் காஃபி என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர், மூளையைச் சுற்றி ரத்தக்கட்டு இருந்த ஆறு பச்சிளம் பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களில் கை கால் எலும்புகளும் முறிந்திருப்பதைக் கண்டார். பெற்றோர் சொன்ன எந்தக் காரணத்தோடும் அவை ஒத்துப்போகவில்லை. 1962இல் ஹென்றி கெம்பேயும் அவர் தோழர்களும், அடித்து வதைக்கப்படும் குழந்தையை ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே வரையறுத்து எழுதினார்கள். அதன் பிறகு ஐந்தே ஆண்டுகளில், 1967க்குள், அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கட்டாயத் தகவல் சட்டம் வந்துவிட்டது. மருத்துவ அறிவு முன்னால் போக, சட்டம் பின்னால் வந்தது. நம் நாட்டில் சட்டம் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் அந்த அறிவு வார்டுக்குள் வந்து சேரவில்லை.

ரத்தக்கட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்காலிலும் நெற்றியிலும் கன்றிய தடம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அது பிள்ளைத்தனத்தின் தழும்பு. ஆனால் இன்னும் குப்புற விழாத, தவழாத கைக்குழந்தை எங்கே போய் இடித்துக்கொள்ளும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பகுதியில் வழக்கமான பரிசோதனைக்கு வந்த பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட 366 குழந்தைகளில் இரண்டே பேரிடம்தான் கன்றிய தடம் இருந்தது. ஆக, மூன்று மாதக் குழந்தையின் கன்னத்தில் விரல் அளவு ரத்தக்கட்டு இருந்தால், “தொட்டில் கட்டை இடித்திருக்கும்” என்ற பதிலைக் கேட்டுவிட்டு நகர முடியாது.

இடமும் பேசும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் ரத்தக்கட்டு இருந்தாலும், நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பில் எங்கே இருந்தாலும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று மேரி கிளைட் பியர்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் 2010இல் ஒரு விதி வகுத்தார்கள். 2021இல் அதை விரிவாகச் சோதித்து, தாடை முனை, கன்னத்தின் சதைப்பகுதி, கண் இமை, வெள்ளை விழியில் ரத்தம், மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய நார் கிழிந்திருப்பது, ஒரு பொருளின் வடிவம் அப்படியே பதிந்த தடம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். காதுமடல் இங்கே முக்கியம். குழந்தை கீழே விழும்போது தலையும் தோளும் தரையில் படும், காது பெரும்பாலும் தப்பிவிடும். காதுமடலின் பின்புறம் கன்றியிருந்தால் யாரோ பிடித்துத் திருகியிருக்கலாம். தலை துவட்டிவிடும் செவிலியர் கண்ணில் படும் இடம் அது.

சூட்டுக் காயத்திலும் இப்படித்தான். அடுப்பிலிருந்து தானாக இழுத்துக் கொட்டிக்கொண்ட குழந்தைக்குக் காயம் சிதறிக் கிடக்கும். முகம், தோள், மார்பு என்று மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டே வரும். ஓரங்கள் ஒழுங்கற்று இருக்கும். கொதிநீரில் பிடித்து அழுத்தப்பட்ட கைகால்களில் காயம் காலுறை போட்டது போல ஒரே அளவில், ஒரே கோட்டில் நின்றுவிடும். தெறித்த புள்ளிகள் இருக்காது. இந்த வித்தியாசத்தை நான்கு படங்களைக் காட்டி ஒரே பிற்பகலில் கற்பிக்கலாம். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

சின்னக் காயத்தைக் கவனிப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவின் விஸ்கான்சினில், வன்கொடுமைக்கு உள்ளானது உறுதியான 200 கைக்குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் 27.5 சதவீதம் பேருக்குப் பெரிய காயம் ஏற்படுவதற்கு முன்பே சிறியதொரு காயம் இருந்திருக்கிறது. பெரும்பாலும் ரத்தக்கட்டு, சிலருக்கு வாய்க்குள் புண். அந்தச் சின்னக் காயம் பத்தில் நான்கு பேர் விஷயத்தில் மருத்துவப் பணியாளர் ஒருவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வன்கொடுமை இல்லை என்று முடிவான ஒப்பீட்டுக் குழுவில் அப்படி முன்காயம் ஒருவருக்கும் இல்லை. முதல் காயம் அன்றே பிடிபட்டிருந்தால் இரண்டாவது காயத்தைத் தடுத்திருக்கலாம் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன.

பயிற்சி என்பது சந்தேகப்படக் கற்பது மட்டுமல்ல. சந்தேகப்படாமல் இருக்கவும் கற்க வேண்டும். நம் குழந்தைகள் பலருக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது ரத்தக்கட்டு. ஆனால் ரத்தக்கட்டு சில நாட்களில் நிறம் மாறி மறையும், பிறவித் திட்டு அப்படியே நிற்கும். ஹீமோஃபீலியா போன்ற ரத்தம் உறையாத நோய், தொட்டாலே எலும்பு முறியும் பிறவிக் குறை ஆகியவையும் வன்கொடுமை போலத் தோன்றக் கூடியவை. மாந்தம் என்றும் செவ்வாப்பு என்றும் சொல்லிப் பச்சைப்பிள்ளைக்குச் சூடு இழுக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அது குழந்தைக்குச் செய்யும் தீங்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பயந்துபோன பாட்டியையும் குழந்தையைத் துன்புறுத்துபவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் அந்தக் குடும்பம் அடுத்த முறை மருத்துவமனைக்கே வராது. நிரபராதியான பெற்றோரைக் காப்பாற்றவும் பயிற்சி பெற்ற கண்தான் வேண்டும்.

பாலியல் கொடுமையில் கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பாலியல் கொடுமை நடந்ததா என்று பரிசோதிக்க அனுப்பப்பட்ட 2,384 குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஆஸ்ட்ரிட் ஹெகர் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு நான்கு பேரிடம்தான் உடலில் மாறுபாடு தென்பட்டது. அதாவது “ஒண்ணும் இல்லையே, நார்மலா இருக்கே” என்ற பேச்சு எதையும் நிரூபிக்காது. பிள்ளை சொன்ன சொல்தான் முதல் ஆதாரம். அந்தச் சொல்லை எப்படி வாங்குவது என்பதுதான் பயிற்சியின் நடுநாயகம்.

பிள்ளை பேசத் தொடங்கினால் குறுக்கே போகக் கூடாது. “அப்பாதானே இப்படிச் செஞ்சார்?” என்று பதிலை உள்ளே வைத்துக் கேட்கக் கூடாது. “அப்புறம் என்ன ஆச்சு?” போதும். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யக் கூடாது, ஏனெனில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லிவிட்டு நம்பிக்கையை உடைத்தால் பிள்ளை இனி யாரையும் நம்பாது. முகத்தில் அதிர்ச்சியைக் காட்டக் கூடாது. “ஏன் முன்னாடியே சொல்லல?” என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. துருவித் துருவி விசாரிப்பது செவிலியர் வேலை அல்ல. அதற்குக் காவல் துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. இவ்வளவையும் மேடையில் நின்று ஒருவர் வாசிக்க, நூறு பேர் குறிப்பெடுத்தால் மனதில் நிற்காது. ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் சிஸ்டராகவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். முதல் முறை எல்லோரும் தடுமாறுவார்கள். வார்டில் தடுமாறுவதைவிட வகுப்பில் தடுமாறுவது நல்லது.

பிறகு எழுத்து. அரசு மருத்துவமனையில் காயத்தோடு வருபவருக்கு ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) போடுவது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அதில் பெரும்பாலும் வருவது, “கீழே விழுந்ததாகக் கூறப்படுகிறது” என்ற ஒற்றை வரி. கூறியது யார்? குழந்தையா, கூட வந்தவரா? எந்த உயரத்திலிருந்து விழுந்தது? எப்போது? உடனே வந்தார்களா, இரண்டு நாள் கழித்து வந்தார்களா? அம்மா சொன்னதும் அப்பா சொன்னதும் ஒன்றா? விசாரணைக்கு வருபவர் தேடுவது இதைத்தான். நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்றால், “இரவு 9.40. குழந்தையின் இடது காதுமடலின் பின்புறம் கருநீல நிறத்தில் 1 செ.மீ. அளவு தடம். எப்படி வந்தது என்று கேட்டபோது குழந்தை, ‘மாமா கிள்ளினாங்க’ என்றது. அப்போது வேறு யாரும் அருகில் இல்லை” என்று இருக்கும். பிள்ளையின் வார்த்தை பிள்ளையின் வார்த்தையாகவே இருக்க வேண்டும். அதைத் திருத்தி, ‘உறவினரால் தாக்கப்பட்டதாகத் தெரிகிறது’ என்று நாம் எழுதினால் நீதிமன்றத்தில் அது யாருடைய சொல்லும் இல்லை.

சிகிச்சைக்கு முன் போலீஸ் மெமோ கேட்கும் பழக்கமும் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் அதைத் தடுக்கின்றன. அவசர சிகிச்சை தர எந்த ஆவணத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 397, தனியார் மருத்துவமனை உட்பட எல்லா மருத்துவமனைகளும் இப்படிப்பட்ட குழந்தைக்கு இலவசமாக உடனடிச் சிகிச்சை தந்து காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் மருத்துவமனைத் தலைவர் நியமிக்கும் பெண் ஒருவர் இருக்க வேண்டும். நடைமுறையில் அந்தப் பெண் பெரும்பாலும் பணியில் இருக்கும் செவிலியர்தான். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரிடம் செய்யும் இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் நன்னடத்தை மீறியவராகக் கருதப்படுவார் என்றே சொன்னது. பரிசோதனை அறையில் குழந்தையின் கையைப் பிடித்து நிற்கும் செவிலியருக்கு இது தெரிந்திருந்தால், “டாக்டர், இது வேண்டாமே” என்று சொல்ல ஒருவர் அங்கே இருப்பார்.

ரகசியம் காப்பதும் இதில் சேர்த்தி. “அந்தப் போக்சோ கேஸ் எந்த பெட்?” என்று வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் கொடுத்தால், பக்கத்து நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்க்க வந்த ஊர்க்காரர்களுக்கும் அந்த நொடியே விஷயம் தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளை தன் தெருவில் எப்படி நடக்கும்?

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்குத் தனியாக ஒரு முகம் உண்டு. கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வீடு வீடாகப் போகும் அவருக்குத்தான் பதினாறு, பதினேழு வயதுக் கர்ப்பிணியைப் பற்றி முதலில் தெரியவருகிறது. சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் கர்ப்பம் என்றாலே போக்சோ. அதில் பக்கத்து வீட்டுக்காரரால் மிரட்டிச் சீரழிக்கப்பட்ட பெண்ணும் இருப்பார், காதலித்து வீட்டை விட்டுப் போன பெண்ணும் இருப்பார், சொந்தத்தில் கட்டிவைக்கப்பட்ட பெண்ணும் இருப்பார். போலீஸ் வரும் என்ற பயத்தில் குடும்பங்கள் கர்ப்பத்தை மறைத்து, கைவைத்தியத்தையும் போலி மருத்துவரையும் நாடுகின்றன. இந்தச் சிக்கலை உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் தேதித் தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவரது காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் அவருடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்றது. தகவல் போகும், அந்தப் பெண் வெளியே தெரிய மாட்டார். கிராம சுகாதார செவிலியருக்கு இது தெரிந்திருந்தால், கருக்கலைப்பு வேண்டித் தவிக்கும் பெண்ணிடம் “ஆஸ்பத்திரிக்கு வாம்மா, உன் பேரு வெளிய வராது” என்று அவரால் தைரியமாகச் சொல்ல முடியும். தெரியாவிட்டால் அவரும் பயந்து அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. கட்டாயமாகத் தகவல் தர வேண்டும் என்பது பாலியல் குற்றங்களுக்குத்தான் தெளிவாக இருக்கிறது. பிள்ளையைப் பட்டினி போடுவதும் அடித்து எலும்பை முறிப்பதும் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் பிரிவு 75படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் அதைப் பார்த்த செவிலியர் தகவல் தந்தே ஆக வேண்டும் என்று போக்சோ போல ஒரு கட்டாயம் இல்லை. இதனால் அடிபட்ட பிள்ளை ஏ.ஆர். வரியோடு நின்றுபோகிறது. நாடாளுமன்றம் இதை என்றாவது சரிசெய்யட்டும். அதுவரை குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுவதையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்வதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

“இருக்கிற வேலையே தலைக்கு மேல. இதுவும் எங்க தலையிலா?” என்று செவிலியர்கள் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணியில் இருக்கும் ஒருவர், ஊரில் செல்வாக்குள்ளவர் மேல் சந்தேகம் வரும்போது தயங்குவார். “நமக்கு எதுக்கு வம்பு சிஸ்டர்” என்று மூத்தவர் சொன்னால் வாயை மூடிக்கொள்வார். மருத்துவரிடம் சொல்லிவிட்டால் தன் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் சட்டம் ‘எவரும்’ என்கிறது, மருத்துவர் என்று சொல்லவில்லை. இந்தச் சுமையைத் தனி ஆளாக ஒரு செவிலியர் சுமக்கக் கூடாது. பிரிட்டனில் மருத்துவமனை நிர்வாகம் ஒவ்வொன்றிலும் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்புச் செவிலியர் ஒருவர் இருக்கிறார். சந்தேகம் வந்தால் மற்றவர்கள் அவரிடம் பேசலாம். விக்டோரியாவின் வார்டில் சந்தேகப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டதும் அப்படி ஒருவரைத்தான்.

வெளிநாட்டு உதாரணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மும்பை பாந்த்ராவில் உள்ள மாநகராட்சி பாபா மருத்துவமனையில் செஹத் என்ற ஆய்வு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 2000வாக்கில் ‘திலாசா’ மையத்தைத் தொடங்கின. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக மருத்துவமனைக்குள்ளேயே இயங்கும் மையம் அது. புறநோயாளிப் பிரிவிலும் வார்டிலும் அடையாளம் கண்டு அங்கே அனுப்பிவைக்க மருத்துவமனையின் செவிலியர்களுக்கே பயிற்சி தரப்பட்டது. பிற்பாடு அந்த முறை மும்பையின் வேறு மாநகராட்சி மருத்துவமனைகளுக்கும் போனது. கேரளமும் இதே நோக்கில் அரசு மருத்துவமனைகளில் ‘பூமிகா’ மையங்களை நடத்துகிறது. நம் அரசு மருத்துவமனைச் செவிலியர்களாலும் இது முடியும்.

எத்தனை மணி நேரம் வேண்டும்? நியூயார்க் மாநிலம் 1991 முதலே, உரிமம் பெறும் செவிலியர்கள் உள்ளிட்டோர் குழந்தை வன்கொடுமையை அறிவது பற்றி இரண்டு மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கிறது. பென்சில்வேனியா, சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கியின் வழக்கில் பலர் தெரிந்தும் பேசாதிருந்ததைக் கண்டு அதிர்ந்த பிறகு, புதிதாக உரிமம் கேட்போருக்கு மூன்று மணி நேரமும் புதுப்பிப்போருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமும் 2015 முதல் கட்டாயமாக்கியது. கணினியில் பட்டனை அழுத்திக்கொண்டே போய்ச் சான்றிதழ் வாங்கும் இரண்டு மணி நேரத்தால் பெரிய பயன் இராது. இங்கே செய்வதாக இருந்தால் ஒரு முழு நாள் வேண்டும். காலையில் படங்கள், மதியம் பேசிப் பழகுவதும் எழுதிப் பழகுவதும், மாலையில் அந்த மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழு உறுப்பினரும் மகளிர் காவல் நிலைய ஆய்வாளரும் நேரில் வந்து கைபேசி எண்ணைத் தந்துவிட்டுப் போவது. முகம் தெரிந்தவருக்குப் போன் செய்வது சுலபம்.

பதிவைப் புதுப்பிக்கும்போது செவிலியர்கள் தொடர்கல்வி நேரத்தைக் கணக்குக் காட்டுகிறார்கள். அதில் இந்த ஒரு நாளைக் கட்டாயமாக்கச் செவிலியர் கவுன்சிலால் முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஷிப்டுக்கு ஒருவரைப் பொறுப்புச் செவிலியராக அறிவிக்கவும், தகவல் தந்த காரணத்துக்காக யாரையும் இடம் மாற்றக் கூடாது என்று உத்தரவிடவும் சுகாதாரத் துறையால் முடியும். தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் தருவதும் அதே துறைதான். கிராம சுகாதார செவிலியர்களுக்கு மாதாந்திரக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். குழந்தையின் காயம் எப்படி வந்தது என்று சிஸ்டர் இரண்டாவது முறை கேட்டால் கோபப்படாதீர்கள். “எங்களையே சந்தேகப்படுறீங்களா?” என்று சண்டைக்குப் போகாதீர்கள். நடந்ததை நடந்தபடி பொறுமையாகச் சொல்லுங்கள். சிறிது நேரம் வெளியே இருங்கள் என்றால் இருங்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டால்தான் கேட்க வேண்டிய பிள்ளையிடமும் கேட்க முடியும்.